மயில்கழுத்துப் புடவைக்கு வந்த வழக்கு

காப்புக்காட்டில் விறகு வெட்டுகிறவரைப் பிடிக்கலாம். ஆடு ஓட்டி வருகிறவரைத் திருப்பி அனுப்பலாம். பட்டுப் புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வது? அதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

முசரவாக்கத்துக்கு அப்பால் நான் பாரஸ்ட் கார்டாகச் சேர்ந்த புதிது. ஒரு காலை, இரண்டு பேர் சண்டை போட்டபடியே என் காவல் எல்லையான பீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் காஞ்சிபுரத்து நெசவாளர் ஏகாம்பரம். மற்றவர் மாகறல் ரைஸ்மில் துரைசாமி. ஆவணியில் துரைசாமி மகளுக்குக் கல்யாணம். பெண்ணழைப்புக்கு மயில்கழுத்து நிறத்தில் புடவை நெய்யச் சொல்லியிருந்தார்.

"மயில்கழுத்து கேட்டா, பச்சையை நெய்ஞ்சி வெச்சிக்கினு ஏமாத்துறாருபா!"

"நீலப் பாவு, பச்சை ஊடை. இதான் மயில்கழுத்து. இவரு மயிலைப் பார்த்திருந்தாத்தானே தெரியும்! தம்பி, ஒரு மயிலைக் காட்டு. நான் சொல்றது தப்புன்னா புடவையை நானே வெச்சிக்கிறேன்" என்றார் ஏகாம்பரம். சவடாலாகச் சொன்னாரே தவிர, அக்குளில் இருந்த புடவையை இன்னும் இறுக்கிக்கொண்டார். குடும்பமே உட்கார்ந்து நெய்த புடவை அது.

பறவை பார்க்க யாராவது வரமாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த காலம். சந்தோஷமாகக் கூட்டிப்போனேன்.

"பாதையை விட்டு இறங்காதீங்க. புல்லுல குருவி முட்டை இருக்குது."

புற்றுமேல் ஓர் ஆண்மயில் நின்றது. என் வாய் சும்மா இருக்குமா? "மயில் இறகுல நீலச் சாயமே கிடையாதுங்க. வெளிச்சம் பண்ற வேலை."

ஏகாம்பரம் பதறினார். "மெதுவா பேசு தம்பி! எங்களுக்குப் பட்டு குடுக்குற முதலாளி காதுல விழுந்தா, சாயக் கூலியைப் புடிச்சிடுவாரு."

புடவையை வெயிலில் விரித்தார். மயில் கழுத்தைத் திருப்பியது, நீலம். இன்னும் கொஞ்சம் திருப்பியது, பச்சை. ஏகாம்பரம் முந்தானையை அசைத்தார். அதே நீலம், அதே பச்சை.

நன்றாகப் பார்க்கும் ஆசையில் துரைசாமி புல்லில் கால் வைக்கப்போனார். "ஐயா, முட்டை!" என்று கத்தினேன். அவர் ஒற்றைக் காலில் நின்றார். எங்கோ ஆள்காட்டிக் குருவி அலறியது. மயில் பறந்துவிட்டது.

பார்த்தது போதுமா, போதாதா? ஏகாம்பரம் துரைசாமியின் முகத்தையே பார்த்தார்.

துரைசாமி காலை மெதுவாகப் பாதையில் ஊன்றி, புடவையை வாங்கி மடித்தார். "புடவை சரியாத்தான் இருக்குதுபா. மயிலுலதான் நீலம் கொஞ்சம் தூக்கலு."

மயில்மேல் ஒரு குறையும் இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். ஏகாம்பரம் என் காலை நறுக்கென்று மிதித்தார்.

புதிதாகச் சேரும் கார்டுகளுக்குச் சொல்கிறேன்: காட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு சாட்சி வாயைத் திறக்கக் கூடாது.