இரண்டு சுற்று மிச்சம்

நட்டை முழுக்கக் கழற்றமாட்டார். நுனியில் இரண்டு சுற்று மிச்சம் வைத்துவிட்டு, முந்தின நாளே ஊற்றிய துரு இளக்கும் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டு, முகர்ந்தும் பார்த்து, எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். சக்கரம் இல்லாத கார் ஸ்டாண்டின் மேல் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். அவருடைய ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தொடங்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எங்கள் தெருவில் லென்ஸ் என்றால்தான் தெரியும். வாரத்தில் ஆறு நாள் எள்ளளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஏழாம் நாள் இருபத்தெட்டு வயதுக் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டியும் விடுவார். கேட்கவெல்லாம் மாட்டார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நானே போய் மூக்கை நீட்டுகிறேன்.

ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு ஜாயிண்ட் உண்டு. அதன் கூம்பு ஆணி, சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையின் வளையத்துக்குள் இறுகிக் கிடக்கும். பழைய காரில் அதை வெளியே எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கவட்டை மாதிரி ஓர் ஆப்பு கடையில் கிடைக்கிறது. இடுக்கில் வைத்து அடித்தால் வேலை முடிந்தது. ஜாயிண்டின் ரப்பர் மூடி கிழியும் என்று லென்ஸ் அதைத் தொடுவதில்லை. குப்பைக்குப் போகிற ஜாயிண்ட்தானே, கிழிந்தால் என்ன என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "இத்தனை வருஷம் உழைச்சிருக்கு சார். இரும்புக்கும் ரோஷம் உண்டு" என்றார். ஆணியை அடிக்கவே கூடாதாம். வளையத்தின் பக்கவாட்டில் அடித்தால் அதிர்ந்து அதுவாகவே விடுமாம். விட்டதும் கீழே விழாமல் தாங்கத்தான் அந்த இரண்டு சுற்று.

இந்த நட்டால்தான் வீட்டில் பேச்சு நின்றது. அவர் மனைவியின் தம்பி மாடியில் குடியிருக்கிறார். பள்ளியில் டிரில் மாஸ்டர். எட்டு மாதத்துக்கு முன் இடப்பக்க ஜாயிண்ட் மாற்றியபோது, லென்ஸ் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, உதவி செய்கிறேன் பேர்வழி என்று நட்டை முழுக்கக் கழற்றி, ஆணியின் நுனியிலேயே ஓங்கி நாலு போட்டார். மரை நசுங்கியது, ஜாயிண்ட் அசையவில்லை. மாஸ்டரைப் பார்க்க வந்த ஆசிரியர்கள் இரண்டு பேர் அங்கே நிற்கும்போதே, "கையா அது, உலக்கையா?" என்று லென்ஸ் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு, தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்வதென்றாலும் மாஸ்டர் அக்காவிடம்தான் சொல்வார், லென்ஸ் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும். பதிலும் அக்கா வழியாகவே போகும்.

போன ஞாயிறு வலப்பக்கத்து ஜாயிண்ட். வண்டிச் சோதனை அதிகாரி சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் மாற்றாவிட்டால் கார் சாலைக்கு வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். லென்ஸின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியற்காலை ஐந்து மணி வேலைக்குப் பஸ் கிடையாது. அந்தக் கார்தான் கதி.

காலையிலிருந்து அடித்தார். ஜாயிண்ட் கல்லுளிமங்கனாக இருந்தது. ஒரே வழிதான் பாக்கி: வளையத்தின் ஒரு பக்கம் கனத்த சம்மட்டியை அணைத்துப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் அடிக்க வேண்டும். அதற்கு இன்னோர் ஆள் தேவை. மனைவி பிடித்துப் பார்த்தார்; இரண்டு அடியில் தோள் விட்டுப்போயிற்று. "மேல ஆள் இருக்கான். கூப்பிடுறதும் கூப்பிடாததும் உங்க பாடு. இனிமே நான் தூது போறதா இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லென்ஸ் எதிர்வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். மாஸ்டர் இருக்கிறாரா என்று நான் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தேவலை என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கைவேலையாக இருக்கிறேன் என்றேன். கையில் இருந்தது செய்தித்தாள்.

தன் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை துடைத்தார். மாடிப்படியின் கீழே போய் நின்றார்.

"மச்சான், கொஞ்சம் சம்மட்டியைப் பிடிக்கணும். என்னால ஆகல."

மாஸ்டர் இறங்கி வந்தார். உர்ரென்ற முகம். மட்கார்டுக்குள் தலையை நுழைத்துக் குந்தி, சம்மட்டியை வளையத்தோடு அணைத்தார். அடி விழும் இடத்துக்கும் அவர் விரலுக்கும் இரண்டு அங்குலம்கூட இருக்காது.

"விரல்ல பட்டா, மாமா?"

எட்டு மாதத்தில் முதல் மாமா. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"படாது" என்றார் லென்ஸ்.

மாஸ்டர் கையை இழுக்கவில்லை. ஏழாவது அடியில் டொக்கென்று ஒரு சத்தம். ஜாயிண்ட் விட்டுக்கொடுத்து நட்டில் தொங்கியது. மாஸ்டர், வந்த சந்தோஷத்தில் எங்கே குந்தியிருக்கிறோம் என்பதே மறந்து துள்ளி எழுந்தார். லென்ஸ் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அந்தத் தலைக்கும் மட்கார்டின் தகர விளிம்புக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார்.