பயிர் நுனியில் ஒரு நத்தை

என் லென்ஸுக்கு ஜூம் கிடையாது. ஐம்பது எம்.எம்., அவ்வளவுதான். கிட்டத்தில் வேண்டுமென்றால் நான்தான் கிட்டப் போக வேண்டும். போனால் மீன்கொத்தி பறந்துவிடும். ஆகவே ஓடத் தெரியாத ஜீவன்களே எனக்குக் கதி: தும்பை, ஊமத்தை, நத்தை.

கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை. பள்ளிக்கு விடுமுறை, அதில் வாத்தியாருக்கும் சந்தோஷம் உண்டு. மழை விட்டதும் கேமராவோடு நீடாமங்கலத்துக்கு வெளியே வயல்பக்கம் போனேன். மூழ்கிய பயிரின் நுனியில் ஒரு நத்தை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூச்சை அடக்கி எடுத்தேன்.

"சார்! நத்தைய விடுங்க, வயல எடுங்க!"

நத்தைக்குப் பின்னால் தண்ணீரில் நின்று கத்தியவர் அந்த வயலுக்குச் சொந்தக்கார அக்கா. மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். நட்டு ஒரு மாதம்தான் ஆன பயிர்.

"தண்ணி வடிஞ்சப்புறம்தான் பயிர்ச் சேதம் கணக்கெடுக்க வர்றாங்க. 'எங்கம்மா தண்ணி?'ங்கறாங்க. போன வருஷமும் எழுதாமயே போயிட்டாங்க."

செல்போனில் எடுத்தால் போதுமே என்றேன்.

"அத யாரு நம்புவா? பெரிய மிஷின்ல எடுங்க."

முழு வயலும் அடங்க வேண்டுமானால் இந்த லென்ஸோடு பின்னால்தான் போக வேண்டும். எடுத்துக்கொண்டே வரப்பில் பின்னால் போனேன். மூன்று படம் முடிந்ததும் வாய்க்கால் வந்துவிட்டது. கழுத்துவரை நான் உள்ளே, கேமரா மட்டும் தலைக்கு மேலே.

"மிஷினுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று அக்கா பதறினார். என்னைக் கேட்கவில்லை.

"பிரமாதமா வந்திருக்கு" என்றேன், பார்க்காமலே.

வீட்டில் வந்துதான் பார்த்தேன். பூவுக்குப் பின்னால் எல்லாம் பஞ்சாக மங்க வேண்டும் என்று வைத்திருந்த அமைப்பை நான் மாற்றவே இல்லை. மூன்று படத்திலும் வரப்போரக் கோரைப்புல் பளிச்சென்று இருந்தது. வயல் வெறும் பனிமூட்டம். மறுநாள் ஓடினேன். தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அக்கா திட்டவில்லை. கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நத்தையிடம் வந்ததும் நிறுத்தினார்.

"இத பிரிண்ட் போட்டுக் குடுங்க."

கணக்கெடுப்பவர் வந்த அன்று நானும் போயிருந்தேன். காய்ந்த சேற்றைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, நத்தையக் காட்டறீங்க?"

"அது ஏங்க நுனிக்கு ஏறுது? கீழ எடமிருந்தா ஏறுமா? தண்ணி எம்மாம் நிக்குது பாருங்க."

"சரி, இது உங்க வயலுதான்னு எப்படித் தெரியும்?"

அக்கா சேற்றில் இறங்கி நடந்தார். அன்று நின்ற இடத்திலேயே போய் நின்று திரும்பினார். அதே மஞ்சள் புடவை. காலையில் தேடி எடுத்துக் கட்டி வந்திருக்கிறார்.

"பின்னால மஞ்சளா கலங்கித் தெரியுது பாருங்க, அது நாந்தான்!"

கணக்கெடுப்பவர் படத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

கரையேறிய அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மழைக்கும் சொல்லியனுப்புறேன், வாங்க சார். வயலெல்லாம் ஒங்களுக்கு வராது. நத்தைய மட்டும் எடுங்க."