லீவரில் கட்டிய நைலோன் கயிறு

நான் அந்த மலை வீட்டுக்குப் போனது சமைக்கத்தான். பலெர்மோ நகரத்தில் பனியைக் காண்பது அரிது. ஆனால் வியா மக்வேதா தெருவில் நான் வேலை செய்த வீட்டு எசமானி, சின்யோராவுக்கு, மலையில் ஒரு வீடு இருந்தது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோரையும் அங்கே கூட்டிப்போவார். அந்த வருடம் வாசலிலிருந்து தெருவரைக்கும் முழங்காலளவு பனி. அதை அள்ளி எறிய ஓர் இயந்திரம் வாங்கியிருந்தார். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் இயந்திரவியல் படித்தவள் நான். அந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை. கையேட்டைப் பார்த்துத் தமிழில் எழுதி, கராஜ் சுவரில் ஒட்டினேன்.

ஒன்று: எறியும் குழாயை ஆட்கள் பக்கமும் யன்னல் பக்கமும் திருப்பக் கூடாது.
இரண்டு: இஞ்சின் முழு வேகத்தில், நடை மெதுவாக. ஈரப்பனி என்றால் ஒரு தடவைக்குப் பாதி அகலம்.
மூன்று: கைப்பிடி லீவரிலிருந்து கையை எடுத்தால், முன்னால் பனியை அள்ளும் திருகு நின்றுவிட வேண்டும்.
நான்கு: குழாய் அடைத்தால் முதலில் இஞ்சினை நிறுத்து. பிறகும் கை வைக்காதே, தடி வை.

இவ்வளவும் ஒரே ஆளுக்காக: அதை ஓட்டப்போகிற சின்யோராவின் காரோட்டி. மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பலெர்மோவில் தமிழர் நாங்கள் போகும் அதே கத்தோலிக்கக் கோயிலுக்கு வருபவர். அவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது.

வாசித்தார், சிரித்தார். பிறகு நைலோன் கயிற்றால் லீவரைக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டினார். வலை இழுக்க இரண்டு கையும் வேண்டும் என்று மீன்பிடி வள்ளத்தில் இஞ்சின் பிடியைக் கட்டிவிட்டுப் பழகியவர்.

"அண்ணை, அதை அவிழுங்கோ. கட்டினால் திருகு நிக்காது."

"பத்து வருசம் கடலிலை இஞ்சின் ஓட்டினனான். பேப்பர் பார்த்தோ ஓட்டினனான்? போய்க் கறியைப் பாருங்கோ, இஞ்சினியர் அம்மா."

"விரல் போனால்?"

"என்ர விரல். உனக்கென்ன?"

எனக்கென்ன என்று நானும் உள்ளே போனேன். ஆனால் விரல் போனால் கார் ஓட்ட முடியாது. வேலை போகும், வேலையோடு பெர்மெசோவும், இந்த நாட்டில் தங்கும் அனுமதியும், போகும். குசினி யன்னலடியில் நின்றே வெங்காயம் வெட்டினேன்.

மதியம் வெயில் பட்டுப் பனி ஈரமானது. குழாய் அடைத்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க அவர் முன்பக்கம் போய்க் குனிந்து கையுறையைக் கழற்றினார். நான் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். சத்தம் நின்றது; அவர் ஏசத் தொடங்கினார். தடியைக் குழாய்க்குள் விட்டுக் குத்தினேன். அடைப்பு இளகியதும், நின்றுபோன இயந்திரத்துக்குள் இறுகிக் கிடந்த இரும்பு அரைச் சுற்றுச் சுற்றியது. தடி இரண்டாக முறிந்தது.

ஏச்சு நின்றது. குசினியிலிருந்து கறிக்கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்து என் பைக்குள் போட்டேன்.

சத்தம் கேட்டு வந்த சின்யோராவிடம், நான் இடையில் புகுந்து மெசினைக் கெடுக்கப் பார்த்ததாக அவர் இத்தாலியனில் சொன்னார். குசினிக்குப் போ என்றார் சின்யோரா. போனேன்.

அடுத்த ஞாயிறு பூசையில், எல்லோரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் முன்வரிசையிலிருந்து அவர் திரும்பினார். என்னைக் கண்டதும், நீட்டிய கையை இழுத்து உட்காரும் வாங்கின் சாய்மணையில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

அந்தக் கையின் விரல்களை எண்ணினேன். ஐந்தும் இருந்தன.