ஆனந்தவல்லியின் காதும் சிரிலின் ஜீப்பும்

புணே பக்கம் நிக்டி காலனியின் வாட்ச்மேன் ராத்திரி முழுக்கக் காவல் காத்துவிட்டு, காலையில் கேட்டோரக் கூண்டிலேயே கண்ணயர்ந்து கிடப்பார். ஆனந்தவல்லி வேலைக்குப் புறப்படும்போது அங்கே ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண மாட்டாள். தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அப்புறம்தான் சாவியைத் திருப்புவாள். மழை கொட்டினாலும் அப்படித்தான். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மாடியில் வேதம் வாசித்துக்கொண்டிருந்த சிரில் தற்செயலாக ஒருநாள் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். கர்த்தர் இப்படியும் சிலரைப் படைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார்.

அவளுடைய வேலையே சத்தத்தோடுதான். சாகணில் கியர்பாக்ஸ் செய்கிற தொழிற்சாலையில், முடிந்து வரும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றவிட்டு, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பாள். சத்தம் சுத்தமாக இருந்தால் பெட்டி வெளியே போகும். பிசிறடித்தால் திரும்பிப் போகும்.

சிரிலுக்குப் பொழுதெல்லாம் அவருடைய பழைய ஃபோர்வீல் ஜீப்தான். ‘வாடி’ என்கிற, பஸ் போகாத மலைக் குக்கிராமம் ஒன்றிலிருந்து, கண்ணில் புரை விழுந்த கிழவர்களை அதில் ஏற்றி பிம்ப்ரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து ஆபரேஷன் முடிந்ததும் கொண்டுபோய் விடுவார். அடுத்த கூட்டத்துக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மலையேற வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஜீப் முனக ஆரம்பித்தது. வளைவில் திரும்பினால் முரண்டு பிடிக்கும். அடியில் ‘டமார்’ என்று ஒரு இடி. பட்டறைக்காரர் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியே போய்விட்டது, இதற்கு இனி சாமான் கிடைக்காது என்று கையை விரித்தார். சிரில் ஒரு ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினார். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு பழைய இரும்பு வாங்கும் பங்கார்க்காரர் பாபன் ஷேட்டை வரச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் பாபன் ஷேட் லாரியோடு வந்து ஜீப்புக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது, ஆனந்தவல்லி காய்கறிப் பையோடு வந்து நின்றாள்.

“என்னண்ணா இது? ஜீப்பை எங்க இழுத்துட்டுப் போறாங்க?”

“உசுரு போயிட்டும்மா. பெட்டி உடைஞ்சிட்டாம்.”

“யாரு கேட்டுச் சொன்னது? ஷேட்ஜீ, தோடா ருக்கோ!” என்று அவரை நிறுத்தி, பையைக் கீழே வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக் கண்ணை மூடினாள். “முருகா! ம், எடுங்கண்ணா.”

ஜீப் முனகிக்கொண்டே நகர்ந்தது. “நாலு சக்கரமும் சேர்ந்திருக்கு பாருங்க. சேர்க்கிற லீவரை விடுவிங்க.”

“ஒரு வாரமா விடுவிக்க வரலைம்மா. இறுகிக் கிடக்கு.”

“இறுகிக் கிடக்கா?” அவள் கண்கள் பட்டென்று திறந்தன. “ரிவர்ஸ்ல மெதுவா போங்க.”

ஜீப் கொஞ்சம் பின்வாங்கியதுதான் தாமதம், லீவர் ‘டக்’கென்று தானாக விடுபட்டு, முன்சக்கரம் தனியாகப் பிரிந்தது. மறுபடி முன்னால் ஓட்டினார். முனகல் இல்லை. இடி இல்லை.

“பெட்டிக்குள்ள பல்லு உடைஞ்சிருந்தா இப்பவும் கத்தணுமேண்ணா! இது உடைஞ்ச சத்தம் இல்ல. முறுக்கிக்கிட்ட சத்தம்.” அவள் குதித்து இறங்கினாள். “ஈனிட் அக்கா, சாக்பீஸ் இருக்கா?”

சிரிலின் மனைவி ஈனிட் சாக்பீஸோடு ஓடிவந்தாள். ஆனந்தவல்லி முன்டயரிலும் பின்டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு கோடு போட்டாள். “தள்ளுங்க எல்லாரும்!” பாபன் ஷேட்டும் சேர்ந்து தள்ளினார். பின்சக்கரத்துக் கோடு ஒரு சுற்று சுற்றித் தரைக்கு வந்துவிட்டது. முன்சக்கரத்துக் கோடு நாலு விரக்கடை மேலேயே நின்றது.

“பாத்தீங்களா! முன்டயர் பெரிசு. எப்ப மாத்துனீங்க?”

சிரில் தலையைச் சொறிந்தார். சபையில் ஒருவர் தம் பெரிய வண்டியின் புது டயர் இரண்டைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். ஸ்டியரிங் இருக்கும் பக்கம்தானே உயிர் என்று முன்னால் மாட்டி, பாஸ்டரை வைத்து எண்ணெய் பூசி ஜெபமும் பண்ணியாயிற்று. அந்தத் தைரியத்தில், மலை இறங்கின பிறகும் நாலு சக்கரத்தையும் சேர்த்தபடியே தார் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“சேத்துல சறுக்கிச் சமாளிச்சுக்கும். தார்ல எங்கண்ணா சறுக்கும்? முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணை ஒண்ணு இழுத்து முறுக்கிக்குது. பழைய டயர் எங்க?”

ஈனிட் முகம் மாறியது. “கறிவேப்பிலைச் செடி வச்சிருக்கேன்ளா அதுல!”

“கொட்டுங்கக்கா!”

“ஜெபம் பண்ணின டயரைப் போயி கழட்டுறதா வல்லி?”

“ரெண்டையும் பின்சீட்டுல போட்டுக்கோங்க. ஜெபம் பின்சீட்டுல உக்காந்து வராதா?”

ஈனிட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கறிவேப்பிலை வாளிக்குப் போனது. மண் தட்டின டயர்கள் முன்னால் ஏறின. பாபன் ஷேட் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, “ஆமச்சா தந்தா புடாலா!” என்று தன் வியாபாரம் மூழ்கிவிட்டதாகப் பொய்க்கோபம் காட்டி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தவல்லியும் கூட ஏறிக்கொண்டாள். மண்பாதை தொடங்கியதும் லீவரைச் சேர்த்தார்கள். சேற்றிலும் கல்லிலும் ஜீப் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி ஏறியது. ஒரு முனகல் இல்லை. மேலே வாடியில் புது வேட்டியும் தலைப்பாகையுமாகக் காத்திருந்த கிழவர்கள் ஹாரனைக் கேட்டதும் கம்பை ஊன்றி எழுந்தார்கள். சிரில் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, “அல்லேலூயா!” என்று கத்தியே விட்டார். பக்கத்திலிருந்து, “அரோகரா!” என்று பதில் வந்தது.

போன வருஷம் ஆனந்தவல்லியின் புருஷனுக்கு ஓசூருக்கு மாற்றலானது. புணே ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்ததும் சிரில் ஜன்னலோடு கூடவே ஓடினார். “மறுபடி சத்தம் வந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?”

அவள் கம்பிக்கிடையில் கையை நீட்டிச் சிரித்தாள்.

“போன் போடுங்கண்ணா. போட்டு, போனை வண்டிக்கிட்ட வைங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க!”