பட்ட பனையின் உயரம்

செவ்வாப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் என் பேத்தி ஸ்கேலை நிமிர்த்திவைத்து அதன் நிழலை அளந்துகொண்டிருந்தாள். பள்ளியில் சொன்ன கணக்கு விளையாட்டாம். எனக்கு நான் வளர்ந்த எளாவூரும் ஆறாம் வகுப்பும் நினைவுக்கு வந்துவிட்டன.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பனை பட்டுப்போய் நின்றது. அதற்கு அப்பால் முற்றிய நெற்கதிர். அதனால் மரத்தை வீட்டுப் பக்கமாக வெட்டிச் சாய்க்க நைனா முடிவு செய்தார்.

“ஊட்டு மேல வுயாதா நைனா?”

“அவ்ளோ தூரம் வராது பாப்பா.”

எனக்கு மனம் கேட்கவில்லை. டீச்சர் செய்துகாட்டியபடி ஒரு குச்சியை நட்டேன். அதன் நிழல் குச்சியின் உயரத்துக்கே சுருங்கியபோது, ஓடிப்போய் பனையின் நிழலைக் கிணற்றுக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டேன். அந்த நேரத்தில் நிழலின் நீளமே மரத்தின் உயரம். கயிற்றை மரத்தடியிலிருந்து வீட்டை நோக்கி இழுத்தேன். முடிச்சு பின்வாசலைத் தாண்டி, தம்பி தூங்கிய தூளிவரை வந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இன்னா யோசிச்சிக்கினு கீற? வரப்பு மேல சாய்யா!” என்று நைனாவிடம் கத்தினாள்.

நைனா முணுமுணுத்தபடி மரத்தை வரப்பின்மேல் சாய்த்தார். கொஞ்சம் கதிர் நசுங்கியது. பிறகு கயிற்றை எடுத்து, விழுந்த மரத்தோடு வைத்துப் பார்த்தார். முடிச்சு மரத்தின் நுனியைத் தாண்டிக் கிடந்தது.

“ஒரு முழம் தப்பா கீதே, பாப்பா.”

எனக்கு அழுகை வந்தது. நைனா திரும்பி, தரையில் நின்ற அடிக்கட்டையைப் பார்த்தார். அருகே போய்க் கையால் அளந்தார். சரியாக ஒரு முழம்.

“தப்பில்ல,” என்று சிரித்தார். “மீதி இங்க நிக்குது.”