மதகுக்கு அந்தாண்ட வீடு

புளித்த வெல்லத்தில் ஈரச்சாக்கை முக்கி எடுத்தாற்போன்ற நெடி அது. பாகூர்ப் பக்கத்து வயல்காற்றில் சாராயக்கடை எங்கே இருக்கிறதென்று பலகை இல்லாமலே சொல்லிவிடும். எனக்குப் பதின்மூன்று வயதில் நாங்கள் வாடகைக்கு வீடு தேடிப் போனபோது, என் அம்மா கூரையைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி அந்தக் காற்றைத்தான் முதலில் மோந்தாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் அது. நெட்டப்பாக்கத்தைத் தாண்டி இருந்த எங்கள் ஊரில் எட்டாவதுக்கு மேல் வகுப்பு கிடையாது. "பெரிய பள்ளிக்கூடம் எங்கயோ அங்கதான் நம்ம வூடு" என்று அம்மா சொல்லிவிட்டாள். கரும்பு வண்டி ஓட்டிய அப்பாவுக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். இருந்த குடிசையை விற்றுவிட்டுக் கிளம்பினோம். எனக்குப் பயம் பிறவிக் குணம். புது ஊர் நாய்கள் கடிக்குமோ, கணக்கு வராதோ, வழியில் வாய்க்கால் பெருகி என்னை இழுத்துக்கொண்டு போகுமோ என்றெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்தேன். நடக்கப்போவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

பள்ளிக்கூடத்தின் அருகே இரண்டு வீடுகள் காலியாக இருந்தன. ஒன்று சாராயக்கடைக்கு அடுத்த வீடு. மற்றது வாய்க்கால் மதகைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில். எங்கள் பக்கத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒட்டுத்துணி போலக் கலந்து கிடக்கும். அந்த மதகுதான் அங்கே எல்லை. இந்தப் பக்கம் புதுச்சேரி, கடை திறந்திருக்கும். அந்தப் பக்கம் தமிழ்நாடு, அப்போது மதுவிலக்கு. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் மதகில் நின்று, தாண்டி வருகிறவர்களை "ஊது" என்பார். கொய்யா இலையை மென்றுகொண்டு வருபவனிடம், "இன்னாடா, ஆடு மேஞ்ச மாதிரி வர்ற?" என்று கேட்டுப் பிடித்துவைப்பார்.

அம்மாவின் கணக்கு அந்த மதகில்தான் இருந்தது. முந்தின வருடத்து ஆடித் தேருக்கு வீராம்பட்டினத்தில் அம்மன் முன்னால் கையில் கயிறு கட்டிக்கொண்டதிலிருந்து அப்பா குடிப்பதில்லை. அதற்கு முந்தைய வருடங்களை நான் எழுதப்போவதில்லை. "பொண்ணு இந்தாண்ட வந்து படிக்கும், நீ அந்தாண்ட வர்றப்ப ஊதிட்டு வரணும். கவர்மெண்டே எனக்குக் காவக்காரன் போட்டிருக்குது" என்று அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். புளியமரத்தடி வீட்டுக்கே குடிபோனோம். பள்ளிக்கூட மணி வாசலில் கேட்டது.

சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர், "வூடு எங்கம்மா?" என்றார்.

"இதோ, மதகுக்கு அந்தாண்ட, புளியமரத்தாண்ட சார்."

அவர் பேனாவை மூடினார். "அது தமிழ்நாடும்மா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். "இங்கேர்ந்து கூப்ட்டா எங்க வூட்டுல கேக்கும் சார்."

"கேக்கும். ஆனா அது கடலூர் தாலுக்கா. அந்தாண்டப் பெரிய பள்ளிக்கூடம்னா கடலூருக்குத்தான் பஸ் ஏறணும். நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்கே இந்த வருசம் பெஞ்சு பத்தல. மதகுக்கு இந்தாண்ட வந்துடுங்க, இன்னைக்கே சேத்துக்கிறேன்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அப்பாதான் முதலில் பேசினார். "இன்னா இப்ப, கடையாண்ட வூடு சும்மாதான கெடக்குது. போயிடலாம். நான் குடிக்க மாட்டேன்."

"உன்ன நம்புறேன்யா. உன் மூக்க நம்ப மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கமாகக் குத்திப் பேசிவிட்டுக் கடைசியில் சரி என்பாள். அப்படித்தான் இதுவும் என்றிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "வா பாப்பா, போலாம்."

"நாளைக்கு வந்து சேக்கறதாம்மா?"

"எட்டு போதும்."

பள்ளிக்கூடத்துக்காக ஊரையே விட்டு வந்தவள் அவள். அப்பா அங்கேயே நின்றுகொண்டு, "எனக்காவ புள்ள படிப்ப நிறுத்துறியா?" என்று கேட்டார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "உனக்காவதான்" என்றாள்.

அடுத்த வாரம் களையெடுக்கப் போனேன். குனிந்திருக்கும்போது மணி கேட்கும். முதல் மணிக்கு மட்டும் கை நின்றுவிடும். அம்மா பக்கத்து வரிசையில் இருப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள்.

அப்பா சாகும்வரை குடிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் கடைகள் திறந்து, மதகிலிருந்து போலீஸ்காரர் போய்விட்ட பிறகும், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரு முறை ஊதிக் காட்டிவிட்டுத்தான் கால் கழுவுவார். அம்மா தலையாட்டுவாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும், அந்த மூச்சுக்குத்தான் என் பள்ளிக்கூடம் விலையாகப் போயிற்று என்று நினைப்பேன். அம்மா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. சரி என்றும் வந்ததில்லை.

இப்போது அந்த வாய்க்கால் தூர்ந்துபோய், மதகின் மேல் தார் ரோடு ஓடுகிறது. புளியமரமும் இல்லை. போன மாதம் என் மகன் தன் மகளின் படிப்புக்காக வில்லியனூரில் வீடு பார்த்துவிட்டு வந்து, "பள்ளிக்கூடம் நடந்து போற தூரந்தாம்மா" என்று போனில் படம் காட்டினான். நான் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் சாராயக்கடை இருக்கிறதா என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "அது இல்லாத தெரு எங்கம்மா இருக்குது?"

என் அம்மாவுக்கு ஒரு மதகாவது இருந்தது.