டாரலின் கழுத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

குடிகாரன் நடை எப்படி இருக்கும் என்று நெரிடாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் அப்பன் ஆப்பிள் பெட்டிகளுக்கு அடியில் பாட்டிலை ஒளித்து வைத்த மனுஷன். அதனால், போன அறுவடையில் புருஷன் டாரல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்ததுமே அவள் முடிவு கட்டிவிட்டாள். ஏணியிலிருந்து விழுந்தானா, குடி. கையிலிருந்த கோப்பை நழுவியதா, குடி. வேறென்ன?

"சத்தியமா தொடல நெரி. காலு மரத்துப் போகுது. தலையக் குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்குது."

"எங்கப்பாவும் இப்படித்தான் கதை விடுவாரு. ஊது!"

ஊதுவான். ஆறடி ஆள், தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் வாசற்படியிலேயே குனிந்து அவள் முகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். வாடை இருக்காது. அதற்கும் அவளிடம் பதில் தயார்: வோட்கா வாடை அடிக்காதாம். ஷெட்டில் இருந்த சைடரை, அந்த ஆப்பிள் மதுவையெல்லாம், சாக்கடையில் கொட்டினாள். கிரிக்கெட் கிளப்பில் நாலு பேர் முன்னால், "இவருக்கு லெமனேட் போதும்ப்பா, வீட்டுலயே வேணுங்கிற அளவுக்கு ஏத்திக்கிறாரு" என்று மானத்தை வாங்கினாள். டாரல் சிரித்து மழுப்பினான். அதற்கப்புறம் கிளப் பக்கமே போகவில்லை.

கடைசியில் ஸ்கேன் வேண்டுமென்று அவனேதான் ஊர் டாக்டரிடம் மன்றாடினான். எம்.ஆர்.ஐ. அறிக்கை, பெரிய டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாளே போனில் வந்துவிட்டது. நெரிடா அடுப்படியில் நின்றபடி படித்தாள். டிஸ்க் விலகல் இல்லை. எலும்பு சரி. எங்கேயும் நரம்பு நசுங்கவில்லை. 'பார்த்தாயா, ஒன்றுமே இல்லை' என்று அவளுக்குள் ஒரு திருப்தி எழுந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கே வெட்கமாக இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்துக்குள்ளே வெளிச்சமாக ஒரு திட்டு, நரம்புறை சிதைந்திருக்கலாம், அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும். திரும்பத் திரும்பப் படித்தும் விளங்கவில்லை. அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

மறுநாள் ஹோபார்ட் நகரத்தில் அந்தப் பெரிய டாக்டர், ஒரு நரம்பு டாக்டரம்மா, படத்தைத் திரையில் போட்டார். சாம்பல் நிறத் தண்டுக்குள் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

"ஒயருக்கு இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. அது இந்த இடத்துல கெட்டுப்போயிருக்கு. கால் மரத்தது, தடுமாறினது, குனிஞ்சா கரண்ட் அடிக்கிறது, எல்லாமே இதோட ஒத்துப்போகுது."

"எம்.எஸ்.ஸா?" நெரிடா முந்திக்கொண்டு கேட்டாள். நரம்புறையை அரிக்கும் அந்த நோய் அதிகமுள்ள டாஸ்மேனியாவில் அந்த இரண்டு எழுத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"இருக்கலாம். ஒரு திட்டை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. மூளையையும் ஸ்கேன் பண்ணணும், முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். அவசரப்பட்டு ஒரு பேர் வெச்சிடக் கூடாதும்மா."

டாக்டரம்மா நோயைத்தான் சொன்னார். நெரிடாவுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

டாரல் என்னவென்றால், சிரித்துக்கொண்டிருக்கிறான்! "டாக்டர், இது குடியால வந்தது இல்லையே? இவகிட்ட ஒரு வாட்டி சொல்லிடுங்களேன்."

"குடிக்கும் இந்தத் திட்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"கேட்டுக்கிட்டியா நெரி?" அவன் கண் கலங்கியிருந்தது. பாழாய்ப் போனவன், சீக்கு வந்ததற்குச் சந்தோஷப்படுகிறான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் அவள் காரை ஓரங்கட்டி அழுதாள். "என்ன மன்னிச்சிடு. நாய் மாதிரி மோந்து மோந்து பாத்தேனே உன்ன."

"விடு புள்ள. உங்கப்பாவப் பாத்து வளந்தவ நீ, வேற என்ன தோணும்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சாயங்காலம் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவன் சுவரைத் தடவித் தடவி வந்தான். அவள் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். வாசற்படியில் நின்றான், குனிந்தான், அவள் முகத்தில் ஊதினான்.

"அட, பழக்கதோஷம்" என்றான்.

அப்போதுதான் நெரிடாவுக்கு உறைத்தது. குனிந்தால்தானே அவனுக்குக் கரண்ட் அடிக்கும். ஊதச் சொன்ன ஒவ்வொரு நாளும் அடித்திருக்கிறது.